வீடியோ பார்த்து நடத்தை மதிப்பீடு கற்பது: பணியாளர் பயிற்சிக்கு ஓர் எளிய விளக்கம்

ஒரு குழந்தையின் முன்னால் ஏழு பொருள்களை வரிசையாக வைத்து "ஒன்றை எடு" என்று சொல்ல வேண்டும். எடுத்ததை 30 விநாடி வைத்துக்கொள்ள விட வேண்டும். பிறகு அந்தப் பொருளை வரிசையில் திரும்ப வைக்காமல், மீதி ஆறையும் இடம் மாற்றி வைத்து மறுபடி கேட்க வேண்டும். எழுதினால் நான்கே வரி. முதன்முறை செய்பவருக்கோ அடிக்கு அடி சந்தேகம் வரும். குழந்தை இரண்டை ஒன்றாகப் பிடித்தால் என்ன செய்வது? எதையும் தொடாமல் எழுந்து போனால்? கொடுத்ததைத் திருப்பித் தர மறுத்தால்? 30 விநாடியை எந்த நொடியிலிருந்து எண்ணுவது? குழந்தையைப் பார்த்துக்கொண்டே தாளில் எப்போது குறிப்பது?

இப்படிப்பட்ட வேலைகளுக்குத்தான் நடத்தை மதிப்பீடு என்று பெயர். ஆட்டிசம், அறிவுசார் குறைபாடு உள்ளவர்களோடு பணியாற்றும் மையங்களிலும் சிறப்புப் பள்ளிகளிலும் இது அன்றாட வேலை. ஒருவருக்கு எது பிடிக்கும் என்று கண்டறியும் விருப்ப மதிப்பீடு ஒரு வகை. அவர் ஏன் அடிக்கிறார், ஏன் தலையை மோதிக்கொள்கிறார் என்று காரணம் தேடுவது இன்னொரு வகை. ஒரு நடத்தை எத்தனை முறை, எவ்வளவு நேரம் நடந்தது என்று பார்த்துப் பதிவு செய்வது மூன்றாவது. மூன்றிலும் பணியாளரின் கை கொஞ்சம் பிசகினால் கிடைக்கும் விடையும் பிசகிவிடும். அந்த விடையை நம்பித்தான் அடுத்து ஆறு மாதத்துக்கான சிகிச்சைத் திட்டம் எழுதப்படும்.

இவற்றைப் பணியாளருக்குக் கற்றுக்கொடுக்க, நன்கு சோதிக்கப்பட்ட ஒரு வழி இருக்கிறது: நடத்தைத் திறன் பயிற்சி. சொல்லிக்கொடுத்தல், செய்துகாட்டுதல், செய்யவைத்தல், பிழையைச் சுட்டித் திருத்துதல் என்று அதற்கு நான்கு பகுதிகள். நல்ல முறைதான். ஆனால் அனுபவம் வாய்ந்த ஒருவர் ஒவ்வொரு புதிய பணியாளருடனும் மணிக்கணக்கில் உட்கார வேண்டும். ஆட்கள் வருவதும் போவதுமாக உள்ள இடத்தில், ஒருவருக்குப் பயிற்சி கொடுத்து முடிப்பதற்குள் மற்றொருவர் வேலையை விட்டுப் போயிருப்பார். பயிற்சி கொடுப்பவரும் திங்கட்கிழமை சொன்னதை வெள்ளிக்கிழமை வேறு விதமாகச் சொல்லக்கூடும்.

வீடியோ வழிச் சுயபயிற்சி இந்த இடத்தில்தான் உதவிக்கு வருகிறது. செய்முறையைச் செய்துகாட்டும் காட்சி, அதன் மேல் பின்னணிக் குரல் விளக்கம், திரையில் முக்கிய வாசகங்கள், இடையிடையே நிறுத்திப் பதில் சொல்லவைக்கும் கேள்விகள் எல்லாம் சேர்ந்த ஒரு தொகுப்பு அது. பணியாளர் தனியாக உட்கார்ந்து பார்ப்பார். வேண்டிய இடத்தில் நிறுத்துவார், திரும்ப ஓட்டுவார். நேரில் வரும் பயிற்சியாளர், வீடியோ தீர்க்காத பிழைகளுக்கு மட்டும் தேவைப்படுவார்.

வெறுமனே செய்துகாட்டும் வீடியோவையும் சுயபயிற்சி வீடியோவையும் ஒன்றாக நினைக்க வேண்டாம். முன்னது ஒரு மாதிரிக் காட்சி, அவ்வளவுதான். பின்னதில் பார்ப்பவருக்கும் வேலை உண்டு: எண்ண வேண்டும், குறிக்க வேண்டும், பிழை கண்டுபிடிக்க வேண்டும். கை கட்டிப் பார்க்கும் வீடியோவில் மனம் பாதி நேரம் வேறெங்கோ இருக்கும்.

எழுதிக் கொடுத்தால் போதாதா?

பெரும்பாலான இடங்களில் முதலில் நடப்பது அதுதான். நான்கு பக்கம் அச்சிட்ட வழிமுறை, கூடவே ஒரு கையெழுத்து. அதைப் படித்தவரிடம் வாய்மொழித் தேர்வு வைத்தால் நன்றாகவே பதில் சொல்வார். செய்யச் சொன்னால் தடுமாறுவார். சொல்லத் தெரிவதும் செய்யத் தெரிவதும் தனித்தனித் திறன்கள் என்பது இத்துறையின் பாலபாடம்.

தாளில் நேரத்தைக் காட்ட முடியாது. "உடனடியாக அகற்றவும்" என்று எழுதியிருக்கும். அந்த "உடனடி" ஒரு விநாடியா ஐந்து விநாடியா என்று படிப்பவருக்குப் புரியாது, காட்சியில் பார்த்தவருக்குப் புரிந்துவிடும். குரலின் தொனி, முகபாவம், உட்காரும் தூரம், பொருளை எடுக்கும்போது கை போகும் பாதை எல்லாமே இப்படித்தான். கலைச்சொற்கள் இன்னொரு தடை. "முன்தூண்டல்", "விளைவு", "வலுவூட்டி" என்ற சொற்களைத் தாண்டி நடுவில் இருக்கும் செயலைப் பிடிக்கவே புதியவருக்கு நேரமாகும்.

ஒரு செய்முறையை முழுதாகப் பார்ப்போம்

மேலே சொன்ன ஏழு பொருள் முறையையே எடுத்துக்கொள்வோம். டெலியன், இவாட்டா என்ற ஆய்வாளர்கள் 1996-இல் வெளியிட்ட முறை இது. எடுத்த பொருளைத் திரும்ப வைக்காத பல பொருள் தேர்வு என்று தமிழில் சொல்லலாம். ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகளைச் சேர்த்து எம்.எஸ்.டபிள்யூ.ஓ. என்றுதான் பணியாளர்கள் சொல்வார்கள். அதற்கு முன் 1992-இல் ஃபிஷரும் அவர் குழுவினரும் கொண்டுவந்த ஜோடித் தேர்வில், ஒவ்வொரு பொருளையும் மற்ற எல்லாவற்றோடும் இரண்டிரண்டாக வைத்துக் கேட்க வேண்டும். 16 பொருள் என்றால் 120 ஜோடி. எம்.எஸ்.டபிள்யூ.ஓ.வில் ஒரு சுற்றுக்கு ஏழு தேர்வு, ஐந்து சுற்று, ஆக அதிகபட்சம் 35 முறை.

தொடங்கும் முன் ஒவ்வொரு பொருளையும் குழந்தை சற்று நேரம் கையாண்டிருக்க வேண்டும், தின்பண்டமாக இருந்தால் சிறிது ருசித்திருக்க வேண்டும். பொருள்களை மேசையில் ஒரே வரிசையில், சுமார் 5 சென்டிமீட்டர் இடைவெளியில் வைக்க வேண்டும். "ஒன்றை எடு" என்று ஒரே முறை, சாதாரணக் குரலில் சொல்ல வேண்டும். முதலில் தொட்டதுதான் தேர்வு. 30 விநாடி, அல்லது தின்பண்டம் என்றால் தின்று முடிக்கும்வரை, அதை அவரிடம் விட வேண்டும். எடுத்த பொருள் அந்தச் சுற்றில் மறுபடி வரிசைக்கு வராது. மீதியில் இடது ஓரத்தில் இருப்பதை வலது ஓரத்துக்கு மாற்றி, இடைவெளியைச் சரிசெய்து, மறுபடி கேட்க வேண்டும். இரண்டை ஒன்றாகப் பிடிக்கப் போனால் தடுக்க வேண்டும். 30 விநாடிக்குள் எதையும் தொடாவிட்டால் அந்தச் சுற்று முடிந்தது. மீதியுள்ளவை எல்லாம் "எடுக்கவில்லை" என்று பதிவாகும்.

கணக்கு எளிது. ஒரு பொருள் எடுக்கப்பட்ட எண்ணிக்கையை, அது முன்னால் வைக்கப்பட்ட எண்ணிக்கையால் வகுத்து 100-ஆல் பெருக்க வேண்டும். ஐந்து சுற்றிலும் முதலாவதாக எடுக்கப்பட்ட பொருளுக்கு 5-க்கு 5, அதாவது 100 சதவீதம். ஒரு பொருள் முறையே முதலாவதாக, முதலாவதாக, இரண்டாவதாக, முதலாவதாக, மூன்றாவதாக எடுக்கப்பட்டது என்று வையுங்கள். அது வைக்கப்பட்டது 1+1+2+1+3 = 8 முறை, எடுக்கப்பட்டது 5 முறை, ஆக 62.5 சதவீதம். எப்போதும் கடைசியாக எடுக்கப்பட்டது 35-க்கு 5, ஏறத்தாழ 14 சதவீதம். புதியவர்கள் வழக்கமாகச் செய்யும் தவறு, எல்லாப் பொருளுக்கும் 35-ஐ வகுஎண்ணாகப் போடுவது. எல்லாச் சுற்றிலும் ஏழும் எடுக்கப்பட்டிருந்தால், அப்படிப் போடும்போது ஏழும் ஒரே சதவீதத்தில் வந்து நிற்கும். எல்லாம் சமமாகப் பிடிக்கும் போலிருக்கிறது என்று அறிக்கையும் எழுதிவிடுவார்கள்!

செய்முறையில் நேரும் பிழைகளுக்குக் காரணம் பெரும்பாலும் நல்லெண்ணம்தான். குழந்தை எடுத்ததும் "ஆகா, சூப்பர்!" என்று பாராட்டுவது ஒன்று. அடுத்த முறை குழந்தை எடுப்பது பொருளுக்காகவா பாராட்டுக்காகவா என்று தெரியாமல் போகும். இடம் மாற்றாமல் விடுவது இன்னொன்று. எப்போதும் வலது கைப்பக்கம் இருப்பதையே எடுக்கும் பழக்கமுள்ள குழந்தையிடம் நாம் அளப்பது விருப்பத்தை அல்ல, மேசையின் ஓரத்தைத்தான். குழந்தை ஒன்றைத் தொட்டுவிட்டு மற்றொன்றை எடுக்கும்போது, தொட்டதை விட்டு எடுத்ததைக் குறிப்பதும் உண்டு. பார்வை மேலும் நுட்பமானது. தனக்குப் பிடித்த, அல்லது குழந்தைக்குப் பிடிக்கும் என்று தான் நினைக்கிற பொருளின் மேல் பணியாளரின் கண் போய் நிற்கும், சில குழந்தைகள் அந்தக் கண்ணைப் பின்தொடர்ந்து எடுப்பார்கள்.

இந்தப் பிழைகளையெல்லாம் இவ்வளவு விரிவாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. நல்ல வீடியோவுக்கான மூலப்பொருளே இந்தப் பட்டியல்தான். செய்முறையை மட்டும் வைத்து வீடியோ எழுதினால் அழகான காட்சி கிடைக்கும். பிழைகளை வைத்து எழுதினால்தான் பயிற்சி கிடைக்கும்.

எழுத்திலிருந்து காட்சிக்கு

முதல் வேலை கேமராவைத் தொடுவதல்ல, செய்முறையைப் படிகளாக உடைப்பது. ஒவ்வொரு படியும் பார்த்து "செய்தார்", "செய்யவில்லை" என்று சொல்லக்கூடியதாக இருக்க வேண்டும். "குழந்தையிடம் நட்பாக இருக்க வேண்டும்" என்பது படி அல்ல. "கேட்கும்போது எந்தப் பொருளையும் தொடவோ சுட்டவோ கூடாது" என்பது படி. எம்.எஸ்.டபிள்யூ.ஓ.வுக்கு 12 முதல் 15 படிகள் வரும். வீடியோவின் வசனம், பின்னால் பணியாளரை மதிப்பிடும் சரிபார்ப்புத் தாள், அவர் மேசையில் வைத்துக்கொள்ளும் சிறு அட்டை மூன்றும் இந்த ஒரே பட்டியலிலிருந்து பிறக்க வேண்டும். வீடியோ ஒன்று சொல்லி, தாள் வேறொன்றை எதிர்பார்த்தால் யார் எவ்வளவு முயன்றாலும் தேர்ச்சி வராது.

அடுத்தது, யாரை வைத்து எடுப்பது. உண்மையான பயனாளியை வைத்து எடுக்காமல் இருப்பதே நல்லது. அவருடைய அந்தரங்கம் ஒரு காரணம். அவர் நமக்கு வேண்டிய சூழலை வேண்டிய நேரத்தில் உருவாக்க மாட்டார் என்பது மற்றொரு காரணம். சக பணியாளர் ஒருவர் குழந்தையின் வேடத்தை ஏற்கட்டும். அவர் கையில் ஒரு தாள்: முதல் கேள்விக்கு மூன்றாவது பொருளை எடு, இரண்டாவதில் இரண்டைப் பிடி, மூன்றாவதில் 30 விநாடி சும்மா இரு, நான்காவதில் பொருளைத் திருப்பித் தராதே. இப்படி எழுதி வைத்தால் ஒவ்வொரு இக்கட்டும் காட்சியில் நிச்சயம் வரும்.

கேமரா கோணத்தை அலட்சியமாக விடுபவர்கள் அதிகம். அறையின் மூலையில் நிறுத்தினால் இருவரும் தெரிவார்கள், ஆனால் மேசையில் நடப்பது தெரியாது. பணியாளரின் தோளுக்குப் பின்னாலிருந்து, சற்று மேலே வைத்து எடுத்தால் பார்ப்பவர் தானே அந்த நாற்காலியில் உட்கார்ந்திருப்பது போன்ற கோணம் கிடைக்கும். இடது வலது குழப்பமும் வராது. எதிர்ப்பக்கமிருந்து எடுத்த வீடியோவில் "இடது ஓரத்தில் இருப்பதை வலப்பக்கம் மாற்றுங்கள்" என்று குரல் சொல்லும்போது திரையில் அது தலைகீழாக நடக்கும். கை, பொருள், நேரங்காட்டி, பதிவுத்தாள் நான்கும் காட்சிக்குள் வர வேண்டும். தாளில் குறிக்கும் இடத்துக்கு மட்டும் தனியாக ஒரு நெருக்கக் காட்சி எடுத்து ஒட்டலாம்.

குரலைப் பிறகு தனியாகப் பதிவு செய்யுங்கள். படப்பிடிப்பின்போதே விளக்கிக்கொண்டு செய்தால் செய்பவர் இயல்பாகச் செய்ய மாட்டார், பார்ப்பவரும் வேலை செய்யும்போது பேச வேண்டும் போலிருக்கிறது என்று நினைத்துவிடுவார். குரல் அடுத்த செயலை அது நடப்பதற்குச் சற்று முன்னால் சொல்ல வேண்டும்: "இப்போது இடது ஓரத்துப் பொருளைக் கவனியுங்கள்." நடந்து முடிந்த பின் சொன்னால் கண் அதற்குள் வேறிடம் போயிருக்கும். திரை வாசகம் ஒரு நேரத்தில் ஒரு வரி. குரல் சொல்வதையே நீளமாகத் திரையில் எழுதினால் மக்கள் எழுத்தைப் படிப்பார்கள், கையைப் பார்க்க மாட்டார்கள்.

நீளம்? ஒரே மூச்சில் 40 நிமிடம் யாரும் கவனத்தோடு பார்ப்பதில்லை. மூன்று நான்கு நிமிடத் துண்டுகளாக வெட்டுங்கள்: தயாரிப்பு, ஒரு முழுச் சுற்று, இக்கட்டுகள், கணக்கு. ஒவ்வொரு துண்டுக்கும் தனிப் பெயர் வைத்தால், மூன்று மாதம் கழித்து "எதையும் எடுக்காவிட்டால் என்ன செய்வது" என்று சந்தேகம் வரும் பணியாளர் நேராக அந்தத் துண்டுக்குப் போக முடியும்.

இடைநிறுத்தக் கேள்விகள்தான் இதன் உயிர்நாடி. குழந்தை இரண்டைப் பிடிக்கும் இடத்தில் காட்சி உறைகிறது. "நீங்கள் இப்போது என்ன செய்வீர்கள்? எழுதுங்கள்" என்று திரை கேட்கிறது. பத்து விநாடி. பிறகு காட்சி தொடர்ந்து சரியான செயலைக் காட்டுகிறது. கணினி மென்பொருள் எதுவும் தேவையில்லை, அச்சிட்ட ஒரு பயிற்சித்தாளும் "இங்கே நிறுத்தவும்" என்ற வாசகமும் போதும். விடையைக் காட்டும் முன் பணியாளர் தன் விடையை எழுதியிருக்க வேண்டும் என்பது மட்டும் கட்டாயம். இல்லாவிட்டால் எல்லாரும் "அதைத்தான் நானும் நினைத்தேன்" என்பார்கள்.

பிழையான காட்சிகளும் வேண்டும், ஆனால் எச்சரிக்கையோடு. சரியானது மனத்தில் படியும் முன் தவறைக் காட்டினால் தவறே படிந்துவிடலாம். முதலில் சரியானதை இரண்டு மூன்று முறை காட்டிவிட்டு, பிறகு "இந்தக் காட்சியில் மூன்று பிழை இருக்கிறது, கண்டுபிடியுங்கள்" என்று கொடுங்கள். பிழைக் காட்சி ஓடும்வரை திரையின் ஓரத்தில் சிவப்புக் குறி நின்றிருக்கட்டும், நடுவிலிருந்து பார்க்கத் தொடங்குபவர் அதைச் சரியான முறை என்று எடுத்துக்கொள்ளாமல் இருக்க.

எவ்வளவு காட்டினால் போதும்?

இந்தக் கேள்விக்கு ஆய்விலிருந்தே பதில் உண்டு. ஜேம்ஸ் மூரும் வேய்ன் ஃபிஷரும் 2007-இல், நடத்தைக்குக் காரணம் தேடும் முறையான செயல்பாட்டுப் பகுப்பாய்வைப் பணியாளர்களுக்குக் கற்பிப்பதில் விரிவுரை, சில நிகழ்வுகளை மட்டும் காட்டும் வீடியோ, நேரக்கூடிய நிகழ்வுகளை முழுமையாகக் காட்டும் வீடியோ மூன்றையும் ஒப்பிட்டார்கள். தேர்ச்சிக்குக் கொண்டுவந்தது முழுமையான வீடியோ. விரிவுரையும் அரைகுறை வீடியோவும் அந்த அளவுக்கு உதவவில்லை. ஆக, வீடியோ என்ற வடிவத்தில் மந்திரம் எதுவும் கிடையாது. பணியாளர் சந்திக்கப்போகும் நிலைமைகளில் எத்தனை அதற்குள் இருக்கின்றன என்பதைப் பொறுத்ததே எல்லாம்.

ஏன் இப்படி என்பது, செயல்பாட்டுப் பகுப்பாய்வு எப்படி நடக்கிறது என்று பார்த்தால் விளங்கும். தன்னைத்தானே காயப்படுத்திக்கொள்ளும் 9 பேரிடம் பிரையன் இவாட்டாவும் அவர் குழுவினரும் செய்து 1982-இல் வெளியிட்ட ஆய்விலிருந்து வளர்ந்த முறை இது. ஒரு நடத்தை எதற்காக நடக்கிறது என்று அறிய, வெவ்வேறு சூழல்களை வேண்டுமென்றே உருவாக்கி எதில் அது கூடுகிறது என்று பார்ப்பார்கள். அந்த ஆய்வில் ஒவ்வொரு அமர்வும் 15 நிமிடம். இன்று இதைவிடக் குறுகிய அமர்வுகளும் வழக்கில் உள்ளன.

கவனச் சூழலில் பணியாளர் "எனக்கு வேலை இருக்கிறது, நீ விளையாடு" என்று சொல்லிவிட்டு ஒதுங்கி உட்கார்ந்து ஏதாவது படிப்பார். குறித்த நடத்தை, அதாவது காரணம் தேடும் அந்த நடத்தை, நடந்தால் மட்டும் "அப்படிச் செய்யாதே, வலிக்கும்" என்று அக்கறையோடு சில விநாடி கவனம் தருவார். வேலைச் சூழலில் தொடர்ந்து சிறு பணிகளைக் கொடுப்பார். சொல்லிப் பார்த்து, செய்துகாட்டி, கை பிடித்துச் செய்யவைத்து என்று மூன்று கட்டம். செய்தால் பாராட்டு. குறித்த நடத்தை நடந்தால் பணியை அகற்றி 30 விநாடி முகம் திருப்பிக்கொள்வார். விளையாட்டுச் சூழலில் பொம்மைகள் உண்டு, கட்டளை இல்லை, சுமார் 30 விநாடிக்கு ஒருமுறை கனிவான பேச்சு உண்டு. குறித்த நடத்தை நடந்தால் அதற்கென்று எதையும் செய்ய மாட்டார். தனிமைச் சூழலில் பணியாளரே அறையில் இருக்க மாட்டார், வெளியிலிருந்து கவனிப்பார்கள்.

சிக்கல் எங்கே என்று தெரிகிறதா? ஒரே நடத்தை, ஒரே குழந்தை, ஒரே பணியாளர். ஆனால் அறையின் சூழலுக்கேற்ப எதிர்வினை முற்றிலும் மாற வேண்டும். ஒன்றில் ஓடிப்போய் அக்கறை காட்ட வேண்டும், இன்னொன்றில் முகம் திருப்ப வேண்டும், மற்றொன்றில் ஒன்றுமே நடக்காதது போல் இருக்க வேண்டும். போதாக்குறைக்கு, குறிக்கப்படாத வேறு நடத்தைகளும் நடுவே வரும். தலையை மோதுவது குறித்த நடத்தை என்றால், அழுவதற்கும் கத்துவதற்கும் கவனச் சூழலில் எதிர்வினை கூடாது. அழுகைக்குத் திரும்பிப் பார்க்காமல் இருப்பது புதியவருக்கு மிகக் கடினம். வீடியோவில் குழந்தை அழும் காட்சியே இல்லாவிட்டால், அந்த நொடியில் அவர் தன் இயல்பான வழிக்கே போவார். அதனால் பணியாளர் அறையில் இருக்கும் ஒவ்வொரு சூழலுக்கும் குறைந்தது இத்தனை காட்சிகள் தேவை: குறித்த நடத்தை நடப்பது, வேறு தொல்லை நடத்தை நடப்பது, குழந்தை நல்லபடியாகப் பேச வருவது, ஒன்றுமே நடக்காமல் நேரம் போவது. மூன்று சூழல், நாலு நிலைமை என்று ஒரு கட்டம் வரைந்து, எந்தக் கட்டம் காலியாக இருக்கிறது என்று பார்த்தாலே படப்பிடிப்புப் பட்டியல் தயார்.

கற்றுக்கொண்டாரா என்று எப்படி அறிவது?

"வீடியோவைப் பார்த்து முடித்தார்" என்பது வருகைப் பதிவு, தேர்ச்சிச் சான்று அல்ல. பல இடங்களில் இரண்டும் ஒன்றாகவே எண்ணப்படுகின்றன.

அளக்க வேண்டியது செய்முறைத் துல்லியம். சரியாகச் செய்த படிகளை, செய்ய வாய்ப்பிருந்த படிகளால் வகுத்து 100-ஆல் பெருக்குங்கள். "வாய்ப்பிருந்த" என்ற சொல்லில்தான் சூட்சுமம். சோதனையில் குழந்தை வேடம் ஏற்றவர் ஒருமுறைகூட இரண்டைப் பிடிக்கவில்லை என்றால், அந்தப் படி பணியாளருக்குத் தெரியுமா தெரியாதா என்றே நமக்குத் தெரியாது. அதனால் சோதனைக்கும் எழுதி வைத்த தாள் தேவை. வீடியோவில் வந்த அதே வரிசையில் இல்லாமல், வேறு பொருள்கள், வேறு வரிசை. இல்லாவிட்டால் நினைவாற்றலைத்தான் சோதிப்போம்.

வீடியோவுக்கு முன்னும் ஒரு சோதனை வையுங்கள். எழுத்து வழிமுறையைப் படிக்கக் கொடுத்து, செய்யச் சொல்லி, துல்லியத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். சிலர் அப்போதே 80 சதவீதம் செய்வார்கள், அவர்களுக்கு முழு வீடியோ தேவையில்லை. முன்சோதனை இல்லாமல் பின்சோதனையில் 90 வந்தால் அதற்கு வீடியோ காரணமா என்று சொல்லவே முடியாது.

தேர்ச்சி எல்லையாக அடுத்தடுத்த இரண்டு சோதனைகளில் 90 சதவீதம் என்று வைப்பது நியாயமான தொடக்கம். ஆனால் மொத்தச் சதவீதத்தை மட்டும் நம்பாதீர்கள். 15 படிகளில் ஒன்று மட்டும் தவறினாலும் 93 சதவீதம் வந்துவிடும். அந்த ஒன்று, எடுத்த பொருளை மறுபடி வரிசையில் வைப்பதாக இருந்தால் முழு மதிப்பீடும் வீண். எந்தப் படிகள் தவறினால் முடிவே கெடுமோ அவற்றைச் சரிபார்ப்புத் தாளில் நட்சத்திரமிட்டு, அவற்றுக்கு 100 சதவீதம் கேளுங்கள்.

பார்வையாளர் பயிற்சி மட்டும் சற்று வேறு

நடத்தையைப் பார்த்துப் பதிவு செய்யும் பணிக்கு வீடியோவைவிடப் பொருத்தமான பயிற்சிக் கருவி கிடையாது. ஒரே காட்சியை எத்தனை பேரும் எத்தனை முறையும் குறிக்கலாம், சரியான விடையும் முன்பே கையில் இருக்கும். தொடக்கத்தில் "கோபப்பட்டான்", "வேண்டுமென்றே செய்தாள்" என்றெல்லாம் எழுதுவார்கள். காட்சியை நிறுத்தி, கண்ணால் கண்டதை மட்டும் எழுதச் சொல்லுங்கள்: "தட்டைத் தரையில் எறிந்தான்."

பிறகு எண்கள். 10 நிமிடக் காட்சியைப் பத்துப் பத்து விநாடியாகப் பிரித்தால் 60 இடைவெளிகள். ஒவ்வொன்றிலும் நடத்தை நடந்ததா இல்லையா என்று பணியாளர் குறிக்க, விடைத்தாளோடு ஒப்பிடுவோம். இங்கே ஒரு பொறி உண்டு. பணியாளர் மூன்று இடைவெளிகளில் "நடந்தது" என்று குறித்திருக்கிறார், விடைத்தாளில் இரண்டு. இரண்டுக்கும் பொதுவாக ஒன்றுதான். 60-இல் 57 ஒத்துப்போகிறது, 95 சதவீதம், பிரமாதம்! ஆனால் யாராவது ஒருவர் "நடந்தது" என்று குறித்த நான்கு இடைவெளிகளை மட்டும் பாருங்கள். ஒத்துப்போனது ஒன்று, 25 சதவீதம். அரிதாக நடக்கும் நடத்தையில், தூங்கிக்கொண்டிருக்கும் பார்வையாளரும் 90 தாண்டிவிடுவார். நடந்த இடைவெளிகளுக்கான ஒப்புமையைத் தனியாகக் கணக்கிட்டே ஆக வேண்டும்.

வீடியோ போதாத இடம்

சுயபயிற்சியின் பெரிய குறை, தவறைத் திருத்த ஆள் இல்லாதது. தவறான ஒரு பழக்கத்தைப் பணியாளர் பத்து முறை செய்து பார்த்தால் அந்தப் பழக்கமே உறுதிப்படும். பாதி மருந்து கைபேசியிலேயே இருக்கிறது. தான் செய்வதைப் பணியாளர் படம்பிடித்து, அதே சரிபார்ப்புத் தாளை வைத்துத் தனக்குத் தானே மதிப்பெண் போடட்டும். பிறகு மேற்பார்வையாளர் அதே காட்சிக்கு மதிப்பெண் போடுவார். இருவரும் எந்தப் படிகளில் வேறுபடுகிறார்களோ அங்கே மட்டும் உட்கார்ந்து பேசினால் போதும், அதற்குப் பத்து நிமிடம் ஆகும். வீடியோவை இரண்டாம் முறை பார்த்தும் எல்லையைத் தொடாதவருக்கு மூன்றாம் முறை காட்டுவதில் பயனில்லை. எந்தப் படியில் நிற்கிறார் என்று பார்த்து, அந்தப் படியை மட்டும் நேரில் செய்யவைத்துத் திருத்துங்கள்.

ஒரே படியில் மூன்று நான்கு பேர் தவறினால் தவறு அவர்களிடம் இல்லை. அந்தத் துண்டில் கை மறைந்திருக்கும், அல்லது குரல் தாமதமாக வந்திருக்கும். துண்டை மறுபடி எடுங்கள்.

தேர்ச்சி பெற்றவரும் நாளடைவில் சறுக்குவார். 30 விநாடி 20 ஆகும், இடம் மாற்றுவது மறக்கும், பாராட்டு மெல்ல நுழையும். தேர்ச்சிக்குப் பின் இரண்டு வாரத்தில் ஒருமுறை, பிறகு மாதம் ஒருமுறை, உண்மையான பயனாளியோடு வேலை செய்யும்போதே துல்லியத்தைப் பாருங்கள். எல்லைக்குக் கீழே போனால் தொடர்புள்ள துண்டை மட்டும் மறுபடி பார்க்கச் சொல்லி, அடுத்த நாளே சோதியுங்கள். இந்தச் சரிபார்ப்புக்கும் படிப்பட்டியல் அதே பழையதுதான்.

விருப்ப மதிப்பீட்டையும் பதிவுப் பணியையும் வீடியோவால் கற்று, வேடம் ஏற்றவரோடு நடக்கும் நடிப்புச் சோதனையில் தேறியவரை நேரடிப் பணிக்கு அனுப்பலாம். செயல்பாட்டுப் பகுப்பாய்வு அப்படியல்ல. அதில் ஆபத்தான நடத்தையை நாமே வரவழைக்கிறோம். தலை மோதல், கடித்தல் போன்றவற்றில் அமர்வை எந்தக் காயம் வந்தால், எத்தனையாவது முறையில் நிறுத்த வேண்டும் என்பது முன்பே எழுதப்பட்டிருக்க வேண்டும், மருத்துவ ஆலோசனை பெற்றிருக்க வேண்டும், பயிற்சி பெற்ற நிபுணர் அருகில் இருக்க வேண்டும். நடிப்புச் சோதனையில் 100 சதவீதம் வாங்கியவரும் முதல் சில உண்மையான அமர்வுகளைத் தனியாக நடத்தக் கூடாது. நிறுத்தும் முடிவை எடுக்கும் பொறுப்பு அந்த அமர்வுகளில் அவரிடம் இருக்கக் கூடாது, அறைக்கு வெளியே நின்று பார்ப்பவரிடம் இருக்க வேண்டும்.